கழுகாரின் நெஞ்சும் கையாட்டியின் கைகளும்

கோபுரக் கிரேனின் கூண்டில் பத்தொன்பது ஆண்டு அமர்ந்திருந்த அவரைக் கட்டுமானத் தளத்தில் அனைவரும் கழுகார் என்றே அழைத்தனர். கீழே நின்று சைகை காட்டுபவன் அவர் மனைவியின் தம்பி. அவனுக்குக் கையாட்டி என்று பட்டம். ஏற்று, இறக்கு, திருப்பு என்பவற்றை அவன் ஒருவனே காட்டலாம். இரு கைகளையும் அகல விரித்து ‘நிறுத்து’ என்பதை மட்டும் எவரும் காட்டலாம். காட்டியவர் மண் சுமப்பவரே ஆயினும் கிரேன் அசையலாகாது. அவ்விதியைக் கழுகார் ஒருநாளும் மீறியதில்லை.

அவர் நெஞ்சு அவ்வப்போது கட்டறுத்த குதிரையாய் ஓடத் தொடங்கிற்று. மாத்திரையால் அடங்கிற்று. ஆயினும் கூண்டேற வேண்டுமெனில் இதயச் சோதனைச் சான்று வேண்டும் என்றது நிறுவனம்.

“தொடை வழியா மெல்லிசா கம்பி விட்டு, கரண்டால இதயத்தத் தட்டுவோம்,” என்றார் மருத்துவர். “எட்டுத் தட்டு ஒரே சீரா. அப்புறம் ஒண்ணு முந்திக்கிட்டு, இன்னொண்ணு அதவிட முந்திக்கிட்டு. கோளாறு இருந்தா அதுல ஏமாந்து ஓட ஆரம்பிக்கும். தூங்கற நாயத் தட்டி எழுப்பிப் பாக்கறதுதான்.”

“எழுந்தா கடிக்குமே, சார்?”

“அது ஓடறதவிடக் கொஞ்சம் வேகமாத் தட்டினா பெரும்பாலும் அடங்கிடும். மாத்திரைய மட்டும் அஞ்சு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க. இல்லேன்னா நாய்க்கு மயக்கமருந்து குடுத்துட்டு எழுப்பற கதைதான்.”

அந்தக் கடைசிச் சொல்லைத்தான் கழுகார் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

“நிறுத்தச் சொன்னாரேங்க?” என்றாள் மனைவி.

“கூண்ட விட்டு இறங்கினா நான் யாருடி? குடு, பேசாம.”

ஐந்து நாளும் மாத்திரையை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

எத்தனை தட்டியும் நெஞ்சு எழவில்லை. சான்று வந்தது, மாத்திரையும் இனி வேண்டாம் என்று எழுதினர். பொய் சொன்னவரே அதை முதலில் நம்பினார். “நெஞ்சா இது, கருங்கல்லு!” என்று தளமெங்கும் மார்தட்டியவர், மாத்திரை அட்டையைக் குப்பையில் எறிந்தார்.

நாற்பத்தோராம் நாள் நண்பகல், இரும்புக்கம்பிக் கட்டு அந்தரத்தில் இருக்கையில் குதிரை கட்டறுத்தது. கண் இருண்டு கைப்பிடியின்மேல் சரிந்தார். விட்டால் தானே நடுவுக்கு வந்து நிற்கும் கைப்பிடி அது. அவர் உடலே அதை அழுத்திப் பிடிக்க, கம்பிக்கட்டு இறங்கிக்கொண்டே வந்தது. கீழே கையாட்டி இரு கைகளையும் விரித்தான். மேலே காணும் கண் இல்லை. அவன் பின்னே சுவர். முழங்காலுக்குக் கீழ் இரு கால்களும் போயின.

மறுசோதனையில், முந்திக்கொண்ட இரண்டாம் தட்டிலேயே நெஞ்சு ஓடிற்று. வேகமாகத் தட்டினர்; அடங்காமல் வெறிகொண்டது. நினைவிழந்தவரை மார்பில் பெருமின்னடி கொடுத்து மீட்டு, கருவி ஒன்றைத் தோளடியில் பதித்தனர். ஓட்டம் எழுந்தால் அது முதலில் வலியின்றித் தட்டும். அடங்காவிடில் ஓங்கி அடிக்கும்.

அதே மருத்துவமனையின் மேல்மாடியிலிருந்து கையாட்டியைச் சக்கர நாற்காலியில் அவன் அக்காள் தள்ளி வந்தாள்.

“அழாதீங்க மாமா. டெஸ்டே நல்லாருக்குன்னுதானே சொல்லிச்சு? நீங்க என்ன பண்ணுவீங்க, விதி. எனக்குச் செருப்புச் செலவு மிச்சம்.”

அவ்வேளை மருத்துவர் நுழைந்தார். “ரெண்டாவது தட்டுலயே எழுந்திடுச்சே, போன தடவ ஏன் எழல? மாத்திரைய நிறுத்தினீங்கதானே?”

“நிறுத்தினேன் சார்.”

மனைவி, தம்பியின் போர்வை திடீரெனத் தட்டையாகிப் போகும் இடத்தைப் பார்த்தாள்.

“நிறுத்தல. நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“மாப்ள, நான் வந்து…” என்று தொடங்கினார் கழுகார்.

கையாட்டி இரு கைகளையும் அகல விரித்தான்.

இப்போது மூவரும் ஒரே வீட்டில். அக்காளிடம் அவன் பேசுகிறான், ஒப்புக்கொண்டவள் அல்லவா. கழுகார் தொண்டையைச் செருமினாலே கைகள் விரிகின்றன. அவர் அடங்கிவிடுகிறார்.

சென்ற வாரம் உண்ணும்போது கருவி ஓங்கி அடித்தது. சோற்றின்மேல் விழுந்து அலறினார். கையாட்டி கைகளை விரித்தான். கழுவிய பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, நீர் சொட்டச் சொட்ட அவளும் விரித்தாள்.

எவரும் காட்டலாம். அலறல் நின்றது.