வடக்குச் சுவரின் சின்னக் கதவு

வௌவால் எச்சமும் ஈரக் கல்லும் கலந்த ஒரு வாடை. செருப்பில்லாத காலில் தொடங்கி முழங்கால் வரை ஏறும் குளிர். இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்த "கல்லுக்கோயில்" எனக்கு முதலில் அப்படித்தான் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் தன் கிராமத்திலிருந்த, பல நூறு வருடப் பழமையான தேவாலயத்தைப் போலவே இங்கும் ஒன்று வேண்டுமென்று எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஆசைப்பட, எங்கள் முன்னோர் கல் சுமந்து கட்டியது அது. உச்சி கூம்பிய ஒடுங்கிய சன்னல்கள், கோட்டை மாதிரிச் சதுரக் கோபுரம், பனி வழுக்கி விழுவதற்கென்றே செங்குத்தாக இறக்கிய கூரை. பனியே பெய்யாத ஊரில் அந்தக் கூரை வருடம் முழுக்க ஒழுகியதுதான் மிச்சம்.

வடக்குச் சுவரில், குனிந்து போகும்படி ஒரு சின்னக் கதவு இருந்தது. துரையின் ஊர் வழக்கப்படி, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது மட்டும் அதைத் திறந்து வைப்பார்கள். குழந்தையை விட்டுச் சாத்தான் அந்த வழியே வெளியேறுவானாம். முடிந்ததும் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட வேண்டும். மணியடிப்பது, கூட்டுவது, சாத்தானை வழியனுப்புவது எல்லாம் கோயில்பிள்ளையான என் அப்பாவின் வேலை. "சாத்தான் கதவு" வழியாக மனிதர் யாரும் போனதில்லை. துரையின் நாட்டிலேயே இதை மறந்திருப்பார்கள், நாங்கள் மறக்கவில்லை.

தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்த வருடம், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் எரிந்த அன்று மத்தியானம், சில குடும்பங்கள் கோயிலுக்குள் ஓடி ஒளிந்தோம். கும்பல் வந்து பெரிய கதவை இடிக்கத் தொடங்கியது. அப்பா சின்னக் கதவைத் திறந்தார். வெளியே தேயிலை, அதற்கப்பால் காடு. ஆனால் ஒருவரும் அசையவில்லை. முன்னால் நின்ற அம்மாவின் கையில் இன்னும் ஞானஸ்நானம் பெறாத என் தம்பி.

"பச்சப் புள்ளைய வச்சிக்கிட்டு இந்தக் கதவால எப்படிங்க போவேன்?" என்று அழுதாள்.

"ஆண்டவர் பாத்துக்குவாரு புள்ள. குனிஞ்சு போ."

கடைசியில் அம்மா குனிந்தாள். அவள் பின்னால் எல்லோரும் போனோம். "நீங்களும் வாங்க" என்று அவள் திரும்பிக் கூப்பிட்டாள்.

"தாப்பா உள்ளுக்குத்தான் இருக்கு. தொறந்து கெடந்தா பின்னாலயே வந்துருவானுங்க. நீங்க ஓடுங்க."

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு அப்பாவை நாங்கள் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

நாவுலயில் சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தோம். தயங்கி நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் காட்டை எட்டியிருக்கலாம், அவரும் கூடவே வந்திருக்கலாம் என்று அம்மா சாகும்வரை தன்னையே நொந்துகொண்டாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. அப்பா இல்லாத வீடு வெறிச்சென்று இருந்தது, அவ்வளவுதான். இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

போன மாதம் தனியாகப் போய்ப் பார்த்தேன். கூரை இல்லை, மணி இல்லை. ரிவர்ஸ்டன் மலையைப் பார்க்கப் போகிற சுற்றுலா வேன்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போகின்றன. புது லயங்களில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. வெகுநேரம் நின்ற என்னிடம் தோட்டத்துக் காவற்காரப் பையன் வந்து, "யாரப் பாக்க வந்தீங்க அக்கா?" என்றான்.

"அப்பாவ" என்று வாயில் வந்துவிட்டது.

"எந்த லயத்துல இருக்காருன்னு சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றான்.