அக்காவின் ஆறு நிமிடங்கள்

அலுவலகத்தில் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர்தான் அவளுக்கு நாள் முழுக்கப் பேச்சுத்துணை. அது நிதானமாகப் பேசினால் அவளுக்குக் கொட்டாவி வரும். அதனால் வேகத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்திருப்பாள். ஒருமுறை ஹெட்போன் ஒயர் பிடுங்கிக்கொண்டு அந்தச் சத்தம் வெளியே வந்தபோது, மின்விசிறியில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று பக்கத்து மேஜைக்காரர் எழுந்து ஓடியிருக்கிறார்.

மற்றவர்கள் எழுதும் செயலிகளைப் பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடியுமா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. சொல்வதென்றால் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாது. பொத்தான்களுக்கு அழகழகாய்ப் படம் போட்டுவிட்டு, ஒன்றுக்கும் பெயர் எழுதாமல் விட்டுவிடுவார்கள். ரீடர் "பட்டன், பட்டன், பட்டன்" என்று பத்து முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அவள் நேரே, செயலியை எழுதிய தாடிக்காரரிடம் போவாள்.

"பத்துப் புள்ளையப் பெத்துட்டு ஒண்ணுக்குக்கூட பேர் வைக்கலையே! எதை என்னன்னு நான் கூப்பிடுறது?"

"நானும் ரீடர் போட்டுப் பாத்தேனே மேடம். சரியாத்தான இருந்துச்சு?"

"காதால கேட்டீங்களா, கண்ணால பாத்தீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய திரையை அணைத்திருப்பாள். கறுப்புத் திரைக்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தால் எந்தத் தாடிக்கும் புத்தி வந்துவிடும். நாலு வருடமாக இப்படித்தான் ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த மாதம் கையில் இருந்தது ஒரு மருத்துவமனையின் செயலி. வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்கலாம். துறை, டாக்டர், நாள், நேரம், கடைசியில் உடம்புக்கு என்ன என்று எழுத ஒரு கட்டம். மூன்று வாரம் அதைப் பிழிந்தெடுத்தாள். கடைசியில் நாற்பதே விநாடியில் நேரம் குறித்துக் காட்டி, வியாழக்கிழமை 'சரி' என்று எழுதிக் கொடுத்தாள். திங்கட்கிழமை மதியம் வெளியீடு. மேலாளர் வாயெல்லாம் பல்லாக எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா தையல்கடைக்காரி. அவள் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். போன வருடம் அவளுக்கும் பார்வை போய்விட்டது. கொஞ்ச நாளாகச் சிரிப்பும் அடங்கிவிட்டது. கண் போன கவலைதான் என்று தங்கை நினைத்திருந்தாள்.

செயலியின் மாதிரியை அக்காவின் போனில் ஏற்றிக் கொடுத்து, "போட்டுப் பாருக்கா, வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகும்" என்றாள். அக்காவின் ரீடர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசியது. அக்கா தட்டுத் தடுமாறிக் கடைசிக் கட்டத்துக்கு வந்து நாலு எழுத்து அடித்திருப்பாள். "துறையைத் தேர்ந்தெடுக்கவும்" என்றது போன். முதல் பக்கம்! மறுபடி போட்டாள். மறுபடியும் துறை. மூன்றாம் முறையும் அதே கதை.

"எனக்கு இதெல்லாம் வராதுடி."

"விடுக்கா, ஆப் வந்ததும் நானே போட்டுத் தரேன். ஒரு நிமிஷ வேலை."

அக்கா போனை மடியில் இழுத்துக்கொண்டாள். "நீ போடுறதுக்கா நான் இந்தப் பாடு படுறேன்? ஏன், என் மகன் போட மாட்டானா? அந்தக் கடைசிக் கட்டத்துல என்னன்னுடி எழுதச் சொல்லுவேன் அவன்கிட்ட? இருமுனா, சிரிச்சா, ஒண்ணுக்குக் கசியுது, சேலை நனைஞ்சுபோகுதுன்னா? மூணு மாசமா சிரிக்கவே பயந்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமேக்கா?"

"பண்ணேன். ஒருத்தன் எடுத்து, 'என்ன பிரச்சினை, கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா'ன்னான். வீடு நிறைய ஆளு. வச்சிட்டேன்."

தங்கை போனை வாங்கி, நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தாள். சரியாக இரண்டாவது நிமிடம் செயலி அவளையும் முதல் பக்கத்துக்குத் தள்ளியது. தாடிக்காரரை போனில் பிடித்துக் கேட்டால், திரையின் மூலையில் ஒரு இரண்டு நிமிடக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியும், ரீடர் அதைப் பற்றி மூச்சு விடாது. நாற்பது விநாடியில் முடிப்பவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

"நான் குடுத்த 'சரி'யைத் திருப்பி வாங்கிக்கறேன் சார்."

"மதியம் வெளியீட்ட வச்சுக்கிட்டு விளையாடாதீங்க! நீங்களே நாப்பது செகண்டுல முடிச்சீங்களே?"

"அதான் சார் தப்பு. எனக்கு ஏத்த மாதிரி சோதிச்சேன். ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லாரும் எக்ஸ்பிரஸா?"

அக்கா விஷயத்தைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. மேலாளரின் திரையை அணைத்துவிட்டு, ரீடரை அக்காவின் வேகத்துக்கு இறக்கி, "இப்ப நீங்க போடுங்க சார்" என்றாள். மனிதர் மூன்று முறை முயன்று, மூன்று முறையும் துறையிலேயே போய் விழுந்தார். இந்தத் தடவை மாட்டிக்கொண்டது வேறொருவர் என்ற சந்தோஷத்தில், பக்கத்தில் நின்ற தாடிக்காரர் இருமுவதுபோல் சிரித்தார்.

"எத்தனை நாள்யா வேணும்?" என்று அவரைக் கேட்டார் மேலாளர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"மூணு நாள் சார்."

சொன்னபடி முடித்தார்கள். நேரம் தீர அரை நிமிடம் இருக்கும்போது ரீடரே "இன்னும் நேரம் வேண்டுமா?" என்று கேட்டது. ஒரு தட்டு தட்டினால் போதும். எழுதியது எழுதியபடி இருந்தது.

சனிக்கிழமை, வெளிவந்த செயலியோடு அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். தங்கை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில். துறை ஆயிற்று, டாக்டர் ஆயிற்று, நாளும் நேரமும் ஆயிற்று. கடைசிக் கட்டம் வந்ததும் அக்கா நிறுத்தினாள்.

"எழுந்து வெளிய போ."

"எனக்குத்தான் தெரியுமேக்கா!"

"தெரிஞ்சா என்ன? இது எனக்கும் டாக்டருக்கும். இந்த போனு எழுத்தெழுத்தா கத்தும். போடி."

நாலு வருடம் எல்லோரையும் விரட்டியவள் அறை வாசலில் போய் நின்றாள். மூடிய கதவுக்குப் பின்னால் ரீடர் முணுமுணுத்தது. "இன்னும் நேரம் வேண்டுமா?" என்று மூன்று முறை கேட்டது. உள்ளே போய்ப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று கை பரபரத்தது. ஆறு நிமிடம் ஆனது.

"உங்கள் நேரம் உறுதி செய்யப்பட்டது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி."

"ஏய், இப்ப வா!" என்றாள் அக்கா.

"ஆறு நிமிஷம்க்கா! இதுக்குள்ள நான் ஊரு ஆஸ்பத்திரியில இருக்குற அத்தனை டாக்டரையும் பிடிச்சிருப்பேன்."

உள்ளே சிரிப்பு பீறிட்டுக் கிளம்பி, பாதியில் நின்றது.

"அடியே, சிரிக்க வைக்காத. செவ்வாக்கிழமை டாக்டரைப் பாத்துட்டு வந்து மொத்தமா சிரிக்கிறேன்."