இப்படிக்கு, மெக்கானிக்கின் மனைவி

லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருடம் ஆகியும் அக்கா ஒரு தடவைகூட லிஃப்டில் ஏறியதில்லை. ஏன் என்று கேட்டால், "அதைப் பிரிச்சு மாட்டுறவரு நம்ம வீட்டுக்காரருன்னு தெரிஞ்ச பிறகு யாருக்குங்க தைரியம் வரும்?" என்பார்.

அந்த வீட்டுக்காரரை எங்கள் கம்பெனியில் நட்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவி எங்களுக்கெல்லாம் அக்கா. சட்டைப் பையில் கைவிட்டால் பேனா வராது, நட்டும் வாஷரும் வரும். நான் அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நானும் ஒரு மேசை விசிறியும்தான்.

அக்கா பஸ் கண்டக்டர் மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு பெண்கள். சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், அதே பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஒன்பது வருடம் அந்த வேலை. இருபத்திரண்டு பிள்ளைகள், பதினான்கு நிறுத்தம். யார் வீட்டில் ஷூ தேட நேரமாகும், எந்தத் தெருவில் எட்டே காலுக்குக் குப்பை லாரி குறுக்கே நிற்கும் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். டிரைவர் அவரைக் கேட்காமல் எந்தத் திருப்பத்திலும் வண்டியைத் திருப்ப மாட்டார். பிறகு பள்ளிக்கூடமே சொந்தமாகப் பஸ் வாங்கிவிட்டது. வேன் நின்றது, அக்கா வீட்டோடு ஆனார்.

இரண்டு வருடம் சும்மா இருந்தார். சும்மா என்றால் அலமாரி டப்பாக்களை உயரப்படி அடுக்குவார், மறுநாள் கலைத்து அகரவரிசைப்படி அடுக்குவார். உப்பு எங்கே என்று தினமும் தேட வேண்டியிருந்ததாக நட்டு அண்ணன் என்னிடம் புலம்பியிருக்கிறார்.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

எங்களிடம் நாற்பத்திரண்டு மெக்கானிக்குகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி, ஒரு மின்னஞ்சல் முகவரி. லிஃப்ட் மக்கர் செய்தால் கட்டடக்காரர்கள் அந்த முகவரிக்கு எழுதுவார்கள். மெக்கானிக் லீவில் போனால், அவருக்கு வரும் மெயிலை இன்னொருவருக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்கு ஒரு படிவம், அதில் மேனேஜர் கையெழுத்து, பிறகு அது என் மேசைக்கு வரும், நான் மாற்றுவேன். லீவு முடிந்து வந்தால் பழையபடி மாற்ற இன்னொரு படிவம். ஒருவர் கல்யாண லீவு முடிந்து வந்து இரண்டாவது படிவத்தைக் கொடுக்க மறந்துவிட்டார். அவருக்கு வந்த புகாரெல்லாம் இரண்டு மாதம் வேறொருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. புது மாப்பிள்ளை, "இப்பல்லாம் லிஃப்டே கெட்டுப்போறதில்லை, நல்ல காலம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கூத்துக்குப் பிறகு நான் மேனேஜரிடம் போய் நின்றேன்.

"சார், வெப்மெயில்ல ஒரு வசதி இருக்கு. திறந்து விட்டா அவங்கவங்க மெயிலை அவங்களே திருப்பி விட்டுக்கலாம், அவங்களே நிறுத்திக்கலாம். படிவமே வேண்டாம்."

"கதவைத் திறந்து விட்டா கண்டதும் உள்ள வருமேம்மா."

"இது உள்ள வர்ற கதவு இல்ல சார், வெளிய போற கதவு."

"அதான் இன்னும் பயமா இருக்கு" என்றார். ஆனால் அன்று மட்டும் ஒன்பது படிவம் அவர் மேசையில் கிடந்தது. அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி, திறந்து தொலை" என்றார்.

கேன்டீனில் எல்லோரையும் உட்கார வைத்துக் கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். செட்டிங்ஸுக்குப் போங்கள், 'வரும் மெயிலை இங்கே அனுப்பு' என்ற கட்டத்தில் முகவரியைத் தட்டுங்கள், அந்த முகவரிக்கு ஒரு கேள்வி போகும், அங்கிருந்து சம்மதம் வந்தால் வேலை முடிந்தது. மெக்கானிக்குகள் புது ஸ்பேனர் கிடைத்த மாதிரி ஆளாளுக்குத் திருகிப் பார்த்தார்கள். கம்பெனிக்கு வெளியே உள்ள முகவரியையும் அந்தக் கட்டம் ஏற்றுக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நட்டு அண்ணனுக்குத் திரையில் படிப்பது வேப்பங்காய். 'நான் படிக்கிறதுக்குப் பதிலா இவ படிச்சு போன்ல சொல்லட்டுமே' என்று நினைத்து, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே முகவரியைத் தட்டினார். அது அக்காவுடையது.

மறுநாள் காலை அக்கா போன் செய்திருக்கிறார். அண்ணன் அப்போது ஒரு கட்டடத்தின் மேல் அறையில் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க ஆபீசுல இருந்து ஏதோ கேக்குது. சம்மதமா, சம்மதமில்லையான்னு."

"சம்மதம்னு போடு."

"எதுக்குன்னு தெரியாமயா?"

"என்னைக் கட்டிக்கும்போது மட்டும் தெரிஞ்சா சொன்ன? போடும்மா."

போட்டார். மதியத்துக்குள் பதினேழு மெயில் வந்து விழுந்தது. அக்கா ஒன்று விடாமல் படித்தார். ஐந்தாம் மாடிக் கதவு பூனை மாதிரிக் கத்துகிறது. ஆஸ்பத்திரி லிஃப்ட் தரைக்கு நாலு விரல் கீழே நிற்கிறது, சக்கர நாற்காலி தட்டுகிறது. பொத்தான் மூன்றை அமுக்கினால் நான்குக்குப் போகிறது. நடுவே புகாரில்லாமல் ஒன்று இருந்தது. ஒரு இசை டீச்சர் எழுதியது.

அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா அதை உரக்கப் படித்தார். 'நான் நாற்பது நிமிடம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டபோது, வேறு மெக்கானிக் சாவி கொண்டுவரும் வரைக்கும் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மனைவி வேனில் பிள்ளைகளை எண்ணும் கதையைக் கேட்டுச் சிரித்ததில் பயமே தெரியவில்லை. உங்களுக்கும் அவருக்கும் என் நன்றி.'

அண்ணன் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

"இது எப்ப நடந்தது?"

"போன மாசம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? அந்தம்மா அழுதாங்க. எனக்கு வேற பேச்சு வரல, உன்னைப் பத்திப் பேசினேன்."

அக்கா எழுந்து போய் அடுப்படியில் இல்லாத வேலை ஒன்றைச் செய்துவிட்டு வந்தார். பிறகு அண்ணனின் பழைய மெயில்களையும் அவரையே திறக்கச் சொல்லித் தேடினார். ஆறு வருடத்தில் முப்பத்தொரு நன்றிக் கடிதம். ஒன்றைக்கூட மனிதர் திறந்து பார்த்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மறுநாளுக்கான வரிசையைப் போட்டுக் கொடுத்தார். அதுவரை அண்ணன், போனில் யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்கள் கட்டடத்துக்கு முதலில் ஓடுவார். ஊரைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துக்கொண்டிருப்பார்.

"முதல்ல ஆஸ்பத்திரி. அதுல மாத்துப் பேச்சே கிடையாது. அதே ரோட்டுல பூனைக் கதவு. அப்புறம் பாலம் ஏறாம அடுத்த தெரு வழியா மூணாம் நம்பர் பொத்தான். பத்து மணிக்கு முன்னாடி பாலம் பக்கம் போயிடாதீங்க, அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான்."

வரிசை போடுவதோடு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா பதிலும் எழுதத் தொடங்கினார், தன் முகவரியிலிருந்தே.

'வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அவர் பதினொன்றே காலுக்கு வருவார். அதுவரை ஐந்தாம் மாடிக்காரர்கள் நான்கில் இறங்கி ஒரு மாடி நடந்தால் நல்லது. சின்னப் பிள்ளைகளைத் தனியாக ஏற்ற வேண்டாம். இப்படிக்கு, மெக்கானிக்கின் மனைவி.'

சொன்னால் சொன்ன நேரத்துக்கு ஆள் வந்து நிற்கும். இருபது வருடமாக 'பார்க்கிறோம், அனுப்புகிறோம்' என்ற பதிலையே தின்று வளர்ந்த வாடிக்கையாளர்கள் அசந்துபோனார்கள். வெளிநாட்டில் இருக்கும் தன் மகளிடமிருந்துகூட இவ்வளவு சீக்கிரம் பதில் வருவதில்லை என்று ஒருவர் எழுதினார்.

ஐந்தாவது வாரம் மேனேஜர் என் அறைக்கே வந்தார். கையில் ஏழெட்டுத் தாள்.

"யாரும்மா இது, மெக்கானிக்கின் மனைவி? நம்ம கம்பெனியில அப்படி ஒரு பதவி இருக்கா?"

வாங்கிப் பார்த்தேன். எல்லாம் பாராட்டு. ஒன்றில், 'இந்த மேடத்தை மட்டும் வேறு பகுதிக்கு மாற்றிவிடாதீர்கள்' என்று இருந்தது. பட்டியலைத் திறந்தேன். அண்ணன் பெயருக்கு நேரே வெளி முகவரி. வாடிக்கையாளர் விவரம் எல்லாம் ஐந்து வாரமாக ஒரு வீட்டுச் சமையலறைக்குப் போயிருக்கிறது.

"சார், தப்பு என்னோடது. வெளி முகவரிக்குப் போகாம நான் அடைச்சிருக்கணும்."

பத்து நிமிடத்தில் அடைத்தேன். கம்பெனி ஆட்களுக்குள் அவரவர் மாற்றிக்கொள்ளும் வசதி மட்டும் அப்படியே இருந்தது. மறுநாள் இருவரையும் வரச் சொன்னார் மேனேஜர்.

ஆபீஸ் ஆறாம் மாடியில். அண்ணன் லிஃப்டில் வந்துவிட்டார். அக்கா படியேறி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அப்போதுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். கையில் ஒரு பள்ளி நோட்டு.

"உங்களுக்கு வரக்கூடாத மெயில் எல்லாம் வந்திருக்கும்மா. தெரியுமா?" என்றார் மேனேஜர்.

"தெரியும் சார். ஒருத்தர் மெஷின் ரூம் பூட்டு நம்பரையே எழுதி அனுப்பிட்டாரு. அன்னைக்கே அழிச்சுட்டேன். நம்பரை மாத்திடுங்க, மெயில்ல எழுதாதீங்கன்னு அவருக்கும் பதில் போட்டேன். அவரு மாத்திட்டாரு. மத்ததெல்லாம் இதுல இருக்கு." நோட்டை மேசையில் வைத்தார்.

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கட்டடம், என்ன கோளாறு, எத்தனை மணிக்குப் போனார், சரியானதா. ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்பு: 'காவலாளிக்குக் காது மந்தம், மணி அடிக்க வேண்டாம், கையசைக்கவும்.' மேனேஜர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கோபப்பட வந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கிவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "ஆனா இனிமே வேண்டாம். விதின்னு ஒண்ணு இருக்கு."

"சரி சார்" என்றார் அக்கா. படியிறங்கும்போது அவர் ஒவ்வொரு படியாக எண்ணியது எனக்குக் கேட்டது. எண்ணுவது அவருக்கு ஆறுதல் போலும்.

விதி நான்கு நாள் தாக்குப்பிடித்தது. அண்ணன் மறுபடியும் ஊரைத் தைக்க ஆரம்பித்தார். மேனேஜரின் போன் ஓயவில்லை. "அந்த மேடம் எங்கே? உடம்பு சரியில்லையா?" இசை டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார். ஐந்தாம் நாள் மேனேஜர் என்னிடம், யாருக்கோ சிபாரிசு செய்பவர் மாதிரி தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"நம்ம முகவரி ஒண்ணு அந்தம்மாவுக்குப் போட்டுக் குடு. நாற்காலியும் போடு. விதிப்படி வரட்டும்."

நானே போன் செய்து சொன்னேன். அக்கா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "ஏய், ரெண்டு பேரும் இங்க வாங்கடி! அம்மாவுக்கு வேலை கிடைச்சிருக்கு!" என்ற கூச்சல். போனை வைக்கவும் மறந்துவிட்டார். அந்த வீட்டில் மூன்று பேரும் குதிப்பதை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

உத்தரவு தெளிவாக இருந்தது: நட்டு அண்ணன் பகுதி மட்டும். முதல் திங்கட்கிழமை அப்படித்தான் நடந்தது. செவ்வாய்க்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தப் பெட்டிக்கு ஏதோ ஆயிடுச்சு. நேத்து இருபது, இன்னைக்கு எழுபது இருக்கு. தெரியாத ஊருக்காரங்கல்லாம் எழுதுறாங்க."

நான் பட்டியலைத் திறந்தேன். ஐந்து மெக்கானிக்குகள் தங்கள் மெயிலைத் தாங்களே அக்காவுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். புதன்கிழமை பதினொருவர். மாத முடிவில் நாற்பத்திரண்டு பெயர், நாற்பத்திரண்டுக்கு நேரேயும் ஒரே முகவரி. யாரும் ஆணை போடவில்லை, யாரும் படிவம் நீட்டவில்லை. புது மாப்பிள்ளையைப் பிடித்துக் கேட்டேன்.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. நட்டு அண்ணன் தினமும் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போறாரு. நாங்களும் போகணும்ல?"

மேனேஜர் பட்டியலைப் பார்த்தார். நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் இன்னொரு நாற்காலிக்கு எழுதிக் கொடுத்தார்.

இப்போது அக்காவின் கீழ் இரண்டு பேர். சுவரில் பெரிய வரைபடம், அதில் நாற்பத்திரண்டு வண்ண ஊசி. வீட்டுக்காரர் என்று சலுகை கிடையாது. நட்டு அண்ணன் வந்து "என்னை மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போடாதே" என்று கெஞ்சினால், "வரிசைப்படிதாங்க வரும்" என்று பதில் வரும். 'மெக்கானிக்கின் மனைவி' என்ற கையெழுத்து மட்டும் மாறவில்லை. 'பணி ஒருங்கிணைப்பாளர் என்று போடுங்கள்' என்று கம்பெனி எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. வாடிக்கையாளர்கள்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

போன மாதம் மேனேஜர் ஆறு வருடத்தில் முதன்முறையாக ஒரு வாரம் லீவு எடுத்தார். என் உதவி வேண்டாம் என்று, தானே செட்டிங்ஸைத் திறந்து, தானே அக்காவின் முகவரியைத் தட்டினார். ஆபீஸ் மெயிலுக்குத்தான் அவர் மனைவியும் எழுதுவார் என்பது அவருக்கு நினைவில்லை. அரை மணி நேரத்தில் அக்கா அவருக்குப் போன் போட்டார். கிளம்பிக்கொண்டிருந்தவர் ஆபீஸ் படியிலேயே நின்று கேட்டார்.

"சார், வீட்டுல எழுதியிருக்காங்க. நீல சூட்கேஸ் வேண்டாமாம், அதுல பிடி உடைஞ்சிருக்காம். வர்ற வழியில பல்வலி மாத்திரை வாங்கிக்கணுமாம். மருந்துக் கடை உங்க வழியிலயே இருக்கு, இடது பக்கம், ஒரு மணிக்குச் சாத்திடுவாங்க. நீங்க இப்பவே கிளம்பினாத்தான் சரியா இருக்கும்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் வேகவேகமாகப் படியிறங்கினார். நாங்கள் மேலேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.