பின்வண்டி ஜெபமாலை

ஜெபமாலை நல்ல மனுசன்னு எங்கிட்ட யாராவது சொல்லிப் பாருங்க, எனக்குப் பத்திக்கிட்டு வரும். நல்ல மனுசன்தான், யாரு இல்லைன்னா? அந்த நல்லதனத்துலதான் என் தம்பி குடும்பம் நடுத்தெருவுக்கு வரப் பாத்துச்சு.

என் தம்பி தைரியநாதனும் ஜெபமாலையும் ஆவூர்லேருந்து மீமிசலுக்கு மாட்டுவண்டி ஓட்டுனவனுக. போகையில நெல்லு, வரையில கருவாடு. ரெண்டு வண்டியும் ஒண்ணாத்தான் போகும், வரும். அன்னவாசல் தாண்டி ரோட்டோரம் ஒரு கள்ளுக்கடை. அங்க என் தம்பி குடிச்சது கொஞ்சமா நஞ்சமா! ஒரு நாள் போதையில வண்டியைப் பள்ளத்துல கவுத்துட்டான். உள்ள ஒக்காந்திருந்த அவன் பொஞ்சாதி சந்தனமேரிக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு. அவ ஒரு வார்த்தை வையல. கால் கூடுனதும் புள்ளையைத் தூக்கிக்கிட்டு மேலத்தெருவுல பெறந்த வீட்டுக்குப் போயிட்டா.

அப்பறம் வந்துச்சு ஐயாவுக்கு ரோசம். கோயிலுக்கு ஓடி, இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ண நின்னான். பங்குச் சாமியார் ஒத்துக்கலை. "ஒன் சத்தியத்தை நீ ஒருத்தனே காவல் காக்க முடியாதுப்பா. ஒன்னைக் கேள்வி கேக்க ஒரு ஆளைச் சொல்லு"ன்னாரு. ஜெபமாலையைச் சொன்னான்.

பாஸ்குத் திருநாளுக்கு முந்துன நாப்பது நாள் தபசுகாலம் தொடங்குன அன்னைக்கு, நெத்தியில சாம்பலோட பீடத்துக்கு முன்னால ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டானுக. தம்பி வண்டி முன்னால போகணும், ஜெபமாலை வண்டி பின்னால. கடைப்பக்கம் இவன் மாட்டை நிறுத்துனா அவன் எறங்கி வந்து கேக்கணும். ஊர் திரும்புனதும் சந்தனமேரிகிட்டப் போயி உள்ளதைச் சொல்லணும். "பாஸ்கு வரைக்கும் இவரு குடிக்கலைன்னு ஜெபமாலை அண்ணன் வாயால சொல்லட்டும், நான் வாரேன்"னு அவ சொல்லியிருந்தா.

பாதி தபசுல கோமாரி வந்து தம்பியோட ஒரு மாடு செத்துப்போச்சு. பெத்த புள்ளையைப் பறிகொடுத்த மாதிரி அழுதான். எரவல் மாட்டைப் பூட்டிக்கிட்டுத்தான் அடுத்த நடை போனான். திரும்பி வந்து எறங்கையிலேயே கள்ளு நாத்தம் கொடலைப் புடுங்குச்சு. நேரா மேலத்தெருவுக்கு ஓடுனேன். எனக்கு முந்தியே ஜெபமாலை அங்க நின்னு, "ஒழுங்காத்தான் இருக்கான்ம்மா, ஒரு கொறையும் இல்ல"ன்னு சொல்லிக்கிட்டிருக்கான்!

"அடப்பாவி! பீடத்துக்கு முன்னால நின்ன வாயாடா இது?"ன்னு கத்துனேன்.

"மாடு செத்த வேதனை, அக்கா. அந்த நேரத்துல அவனை எப்படிக் கேக்குறது?"

"வேதனை இல்லாத அன்னைக்குக் கேக்க நீ எதுக்குடா? ஒன் பொய்யை நம்பி இவ மறுபடி வண்டியில ஏறணும், மத்தக் காலும் ஒடியணும், அதானே?"

சத்தம் கேட்டுத் தம்பி தள்ளாடிக்கிட்டே வந்தான். என்னை ஏறெடுத்தும் பாக்கலை. ஜெபமாலை தோளைப் புடிச்சு உலுக்குனான். "கடை வாசல்ல மாட்டை நிறுத்திட்டு எவ்வளவு நேரம்டா ஒக்காந்திருந்தேன்? வருவே, வந்து வைவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ எறங்கவே இல்லையேடா!"

ஜெபமாலை மூஞ்சி செத்துப்போச்சு. சந்தனமேரி அழுகலை. "அண்ணே, இனிமே ஒங்க வாய்வார்த்தையை நான் நம்பமாட்டேன்"னு சொல்லிக் கதவைச் சாத்திட்டா.

பாஸ்கு வந்துச்சு. ஊரே புதுத்துணி கட்டித் தேர் பாக்கப் போச்சு. அவ வரலை. நான் ரெண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி வஞ்சுக்கிட்டே வீட்டுல கெடந்தேன்.

அடுத்த நடையில, அதே கடைக்கிட்ட, தம்பி வண்டி ஓடிக்கிட்டிருக்கையிலேயே குதிச்சு ஓடுனானாம். இந்தத் தடவை ஜெபமாலையும் குதிச்சான். யாரையும் அதட்டத் தெரியாத அந்த மனுசன் என் தம்பி கழுத்துத் துண்டைப் புடிச்சு ரோட்டுல இழுத்திருக்கான். தம்பி அவன் கையைக் கடிச்சுட்டான். கடிக்கக் கடிக்க விடலையாம். தன் வண்டியில தூக்கிப் போட்டு, தம்பி மாடுகளைப் பின்னால கட்டி, நேரா மேலத்தெருவுக்குக் கொண்டாந்து எறக்குனான்.

நானும் அங்கதான் இருந்தேன். ஜெபமாலை வாயே தொறக்கலை. சந்தனமேரிதான் அவன் கையை இழுத்து, வெளிச்சத்துல திருப்பிப் பாத்தா. பல்லு பதிஞ்ச எடமெல்லாம் ரத்தம் கட்டி வீங்கியிருந்துச்சு. மஞ்சளை அரைச்சுப் பத்துப் போட்டுவிட்டா. கையைக் கழுவிட்டு எங்கிட்டத் திரும்பி, "மதினி, புள்ளையைத் தூக்குங்க, வீட்டுக்குப் போவோம்"னா.