மலை மைக் விழாத கேசட்

பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டர் என்றால், யாருக்கும் சொந்தமில்லாத வேலையெல்லாம் நமக்குச் சொந்தம் என்று அர்த்தம். பட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் ஒரு வருஷம் எங்கள் திருத்தணிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு 'எங்க ஊர் பேசுது' என்று ஒரு செயல்திட்டம். ஊர்க்காரர்களைப் பேட்டி எடுத்து, கேசட்டில் பதிந்து, நகல் போட்டு வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். இப்போது பாட்காஸ்ட் என்கிறார்களே, அதேதான். நாங்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தோம். டேப் ரெக்கார்டர் லேப் பீரோவில் இருந்த பாவத்துக்குப் பதிவு வேலை என் தலையில்.

தலை கொடுத்த பேட்டி

தலை என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் பேட்டி, பொய்கைக் கரையில் மொட்டையடிக்கும் கன்னியப்பன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காவடிகள் இடிக்க, கோமளா என்ற மாணவி மைக்கை நீட்டினாள். நாளெல்லாம் வாய் ஓயாத மனுஷன் ஊமையாகிவிட்டான். கைக்குக் கீழே ஒரு தலை இருந்தால்தான் பேச்சு வருமாம். பள்ளிக்கூடத்துக்காக என் தலையைக் கொடுத்தேன். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தான். கத்தி அவன் வாயைவிட வேகம். வீட்டுக்குப் போனதும் என் சம்சாரம் மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாம இன்னா வேண்டுதலுங்க உங்களுக்கு?"

பள்ளிப்பட்டு நாகய்யா

கூட்டத்தில் ஆள் தவறினால் மலைமேல் கோயில் மைக்கில் தமிழிலும் தெலுங்கிலும் கூப்பிடுவார்கள். அதுவும் பேட்டியில் விழுந்திருந்தது. நகல் ஒன்று பள்ளிப்பட்டுக்குப் போனது. ஒரு வாரம் கழித்து நாகய்யா என்ற நெசவுக்காரர் மூச்சிரைக்க லேபுக்குள் நுழைந்தார். 'பள்ளிப்பட்டு நாகய்யா எங்கிருந்தாலும் மைக் அறைக்கு வரவும், உங்கள் பாவா காத்திருக்கிறார்' என்று கேசட்டில் கேட்டாராம். பாவா என்றால் தெலுங்கில் மச்சான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவர் கேட்டது இதுதான்:

"சார், எங்க பாவா இன்னும் அங்கியே நின்னுகினு இருக்காரா?"

சுத்தமான பதிவு

விஷயம் தலைமையாசிரியர் காதுக்குப் போய், இனி கேசட்டில் மலைச் சத்தம் விழக்கூடாது என்று உத்தரவு. கோமளாவும் அதே கிருத்திகையன்று ஊரைப் பற்றிப் பேசிப் பதிந்திருந்தாள். அது குவைத்துக்குப் போக வேண்டியது. அங்கே வீட்டு வேலைக்குப் போன அவள் அம்மா ரெண்டு வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. லேப் ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் கோணி அடைத்து, அவளை மறுபடி பேச வைத்து, அதே கேசட்டில் பழையதை அழித்துப் புதிதாகப் பதிந்தேன். ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. எனக்கு ஒரே பெருமை.

மூணு மாதத்தில் அம்மாவிடமிருந்து பதில் கேசட் வந்தது. லேபில் வைத்துப் போட்டோம். முதலில் வெறும் மூச்சு. அப்புறம் குரல்.

"நல்லாத்தான் பேசிக்கிறே கண்ணு. கிருத்திகைன்னு சொல்றே, மலை மைக்கு கேக்கலியே? எங்கியோ ஒக்காந்து பேசறாப்பல கீதே."

மைக் அறையில்

அழித்தவன் நான். அடுத்த மாதக் கிருத்திகைக்கு டேப் ரெக்கார்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு கோமளாவோடு மலைப் படியேறினேன். வாசலில் மணிச்சத்தமும் அரோகராவும் விழட்டும் என்று பதிவு பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே மைக் அறைக்குள் நுழைந்தோம். உள்ளே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலையிலிருந்து கேட்கும் கேள்விகளையே கேட்டார்.

"யாரைக் காணோம்?"

"எங்க அம்மாங்க."

"எத்தினி நேரமா?"

"ரெண்டு வருசமாங்க."

அவர் பேனாவை வைத்தார். அரைகுறையாக முடி வளர்ந்திருந்த என் தலையைப் பார்த்தார், டேப் ரெக்கார்டரைப் பார்த்தார், மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம், மலை முழுக்கக் கேட்டது.

"குவைத்துக்குப் போன கோமளாவின் தாயார் எங்கிருந்தாலும் உடனே மைக் அறைக்கு வரவும், உங்கள் மகள் இங்கே காத்துக்கொண்டிருக்கிறாள்."

அந்தச் செயல்திட்டத்தில் என் புண்ணியத்தில் போனவை இரண்டு, என் தலைமுடியும் அந்த அம்மாவுக்குப் போகவேண்டிய ஆடிக் கிருத்திகையும். முடி மட்டும் வளர்ந்துவிட்டது.