நேர்த்தி என்று நான் எழுதினேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதம். நல்லூர்த் திருவிழா முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் இது நடந்தது. அதன் பெயரையும் ஊரையும் எழுதப் போவதில்லை. அங்கே இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிறவர்கள். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. மாதர் சங்கத்தில் ஓடித் திரிந்த பழக்கத்தால் குழு ஒன்றில் என்னையும் போட்டார்கள். முதியோர் இல்லம், சிறுவர் இல்லம், ஏலாதவர்களைப் பராமரிக்கும் இடம் என்று எங்கள் பகுதியில் உள்ளவற்றை வருடத்தில் இரண்டு தடவை போய்ப் பார்த்து அறிக்கை கொடுப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் நாங்கள் குறை எழுதினால்தான் மேலிடம் அசையும். எல்லாம் நல்லது என்று எழுதிவிட்டால், அடுத்த ஆறு மாதம் அந்தப் படலையை வேறு யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

அன்று போனது மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், நல்ல பகிடிக்காரர். மற்றவர் ஒரு போதகரின் மனைவி. முதல் நாளே தலைவர் இல்லத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். "ஒரு வீட்டுக்குச் சொல்லாமல் போறது மரியாதையே?" என்றார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அது மனவளர்ச்சி குறைந்த பெண்களைப் பராமரிக்கும் இல்லம். ஒன்பது பேர். யாருக்கும் உறவு என்று வந்து போக ஆள் இல்லை. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. வாசலில் கோலம். உள்ளே தேத்தண்ணியும் சுடச்சுட உழுந்து வடையும்.

அறிக்கைப் படிவத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். உணவு போதகரின் மனைவிக்கு, கட்டடம் தலைவருக்கு. "பிள்ளை, நீர் கோயில் குளம் எண்டு திரியிற ஆள். சமயப் பகுதி உம்மடை. சாமியிலை குறை கண்டுபிடிச்சுப் போடாதேயும்!" என்று தலைவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பிறகு விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது பெண்களும் வரிசையாக இருந்தார்கள். எல்லோருக்கும் மொட்டை. தலை நிறையச் சந்தனம். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. வாய் பேசத் தெரியாத இந்தப் பிள்ளைகளையும் கோயிலுக்குக் கொண்டுபோய் முடி இறக்கியிருக்கிறார்களே என்று கண் கலங்கியது.

"என்னக்கா, சந்நிதிக் கோயிலுக்கு நேர்த்திக்கடனோ?" என்று இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாவைக் கேட்டேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு, "ஓம் தங்கச்சி, நேர்த்திதான்," என்றார்.

கடைசியில் இருந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் தலையில் மட்டும் சந்தனத்துக்கு மேல் ஒரு துணி கட்டியிருந்தது. கிட்டப் போனதும் என் பின்னலைப் பிடித்தாள். மல்லிகைச் சரத்துக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக் கழற்றிக் கொடுத்தேன். அதை மடியில் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பிடரியில் வைத்தாள். ஆசீர்வாதம் கேட்கிறாள் என்று எண்ணினேன். கையை எடுத்து, பையில் இருந்த விபூதியை அவள் நெற்றியில் பூசினேன். அவள் தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சத்தம் போட்டு, திரும்பவும் என் கையை அங்கேயே கொண்டு போனாள். துணி ஈரமாக இருந்தது. சூடாகவும் இருந்தது. சந்தன வாசத்துக்கு அடியில் இன்னொரு மணம் வந்தது.

"சந்தனம் காயேல்லை. உவ எப்பவும் உப்பிடித்தான், ஆரைக் கண்டாலும் பிடிச்சு இழுப்பா," என்றார் பொறுப்பாளர்.

நான் நம்பினேன். சமயம் என்ற கட்டத்தில் என் கையாலேயே எழுதினேன்: "நேர்த்தி வைத்து முடி இறக்கியுள்ளார்கள். தெய்வ பக்தியுடன் பராமரிக்கப்படுகிறார்கள்." மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம். வீட்டுக்கு வந்து கணவரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

பதினைந்து நாளுக்குப் பிறகு என் மச்சாளை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். வாட்டின் கடைசிக் கட்டிலில் தலை முழுக்கக் கட்டுப் போட்ட ஒரு பெண். முகத்தைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. என் பின்னலைப் பிடித்தவள்.

"இவவைத் தெரியுமோ அக்கா?" என்று தாதி கேட்டார். "இது நேர்த்திக்கு எடுத்த மொட்டையெல்லோ?" என்றேன்.

"ஆர் சொன்னது? பேன் எண்டு ஒரே சவரப் பிளேட்டாலை எல்லாருக்கும் வழிச்சிருக்கினம். வெட்டின காயத்துக்கு மருந்து கட்டாமல் சந்தனத்தை அப்பி விட்டிருக்கினம். கொண்டுவரேக்கை புழு, அக்கா."

அவள் என்னை அடையாளம் கண்டாளோ தெரியாது. கையை நீட்டினாள். குனிந்தேன். என் கையை எடுத்துக் கட்டுக்கு மேல் வைத்தாள். இந்த முறை நான் எடுக்கவில்லை. பார்வை நேரம் முடியும்வரை அப்படியே நின்றேன். இரண்டாம் நாள் அவள் இறந்துபோனாள்.

குழு அவசரமாகக் கூடியது. பொறுப்பாளர் அம்மா வந்தார். கையில் எங்கள் அறிக்கையின் பிரதி. "குறை இருந்தால் அண்டைக்கே எழுதியிருக்கலாமே? உங்கடை ஆளே என்ன எழுதியிருக்கிறா எண்டு பாருங்கோ," என்று என் இரண்டு வரிகளையும் சத்தமாக வாசித்தார். சபையில் என் எழுத்தை ஒருவர் வாசித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

தலைவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "செத்தவ திரும்பி வரப்போறாவே? இடத்தை மூடினால் மிச்ச எட்டுப் பேரும் எங்கை போறது? நடந்தது நடந்துபோச்சு எண்டு விடுவம்."

மிச்ச எட்டுப் பேர். அந்தச் சொல்தான் என்னை எழுப்பியது. அதே பிளேட், அதே சந்தனம். எழும்பினேன்.

"ஐயா, நேர்த்தி எண்டு அவ சொல்லேல்லை. அந்தச் சொல்லை நான்தான் எடுத்துக் குடுத்தனான். அவ ஓம் எண்டவ, அவ்வளவுதான். நான் எழுதினது பொய். அதை வெட்டிப்போட்டு, பொய் எண்டு நானே எழுதித் தாறன். மற்ற எட்டுப் பேரின்ரை தலையையும் இண்டைக்கே டொக்டர் பாக்கவேணும்."

"இரும் பிள்ளை, ஏன் உம்மடை பேரை நீரே கெடுக்கிறீர்?" என்றார் தலைவர்.

அப்போது போதகரின் மனைவி எழும்பினார். "எங்களுக்குத் தந்த வடையைத் திண்டுபோட்டு, அதுகளுக்குச் சாப்பாடு நல்லம் எண்டு எழுதினவள் நான். அதுகள் என்ன சாப்பிட்டதெண்டு நான் பாக்கேல்லை. நானும் எழுதித் தாறன்."

பின்னேரமே வைத்தியரோடு போனோம். இந்த முறை சொல்லிவிட்டுப் போகவில்லை. முற்றத்தில் கோலம் இல்லை. சந்தனத்தைக் கழுவிப் பார்த்தபோது மூன்று பேருக்குத் தலையில் புண். அன்றே வாட்டில் சேர்த்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். பொறுப்பாளரை மாற்றினார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் சிலர், "நல்லாய் நடந்த இடத்தைக் கோயில்காரி குழப்பிப்போட்டா" என்று என் காதுபடவே கதைத்தார்கள்.

சில காலம் என்னால் விபூதி பூச முடியவில்லை. கிண்ணத்துக்குள் விரலை வைத்தால் அந்தச் சூடு வந்தது. குழுவிலிருந்து விலகப் போனேன்; போதகரின் மனைவி விடவில்லை. இப்போது நாங்கள் சொல்லாமல் போகிறோம். எல்லோரையும் பார்த்து முடியும்வரை தேத்தண்ணி தொடுவதில்லை. நான் ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். அது எவ்வளவு கஷ்டம் என்று பழகினால்தான் தெரியும்.

அவளுக்காக ஒவ்வொரு ஆவணியிலும் ஒரு விளக்கு ஏற்றுகிறேன். அந்த ஆண்டவன் அன்று என் கையைப் பிடித்துப் புண்ணின் மேலேயே இரண்டு தரம் கொண்டுபோய் வைத்தான். விபூதி பூசுவதற்கென்று கையை எடுத்தவள் நான்.