மொட்டைக்கு முன்னால் எடுத்த அச்சு

மார்பில் வந்த புற்றுநோய் மூன்று வருஷம் கழித்து என் மூளைக்குப் போயிருந்தது. இரண்டு புள்ளிகள். அதில் ஒன்று வலது கையைப் பிடித்துக்கொண்டது. சோற்றைப் பிசைந்தால் பாதி தட்டிலும் பாதி மடியிலும் கிடக்கும். தலையைத் திறக்க வேண்டாம், அந்தப் புள்ளிகளை மட்டும் குறிவைத்துக் கதிர் பாய்ச்சினால் கை திரும்பலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு குருவிநத்தத்தில் தனியாக இருப்பவள் நான். எனக்கு அந்தக் கை வேண்டும். அவ்வளவுதான்.

தலை அசையாமல் இருக்க ஒரு முகமூடி செய்தார்கள். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் போட்டு அழுத்தினார்கள். ஆறியதும் மூக்கு, தாடை, தலைமுடியின் கனம் எல்லாம் அதில் பதிந்திருந்தது. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பயம் முடிமேல் திரும்பியது. முன்பு மருந்து ஏற்றியபோது தலையணை, குளியலறை, சோற்றுத் தட்டு என்று கொத்துக் கொத்தாக உதிர்ந்ததே! அதை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. கதிர் மெஷினுக்குக் கொடுப்பதை முருகனுக்கே கொடுத்துவிடலாம் என்று மயிலம் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். வேண்டுதல் என்றால் ஊரிலும் யாரும் துருவ மாட்டார்கள். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

சிகிச்சை நாளன்று மகன் சேதராப்பட்டு கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்தான். என் தலையைப் பார்த்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் முகமூடியை மாட்டினால், முடி இல்லாத இடைவெளியில் தலை ஆடுகிறது. நூலளவு அசைந்தாலும் கதிர் வேறு இடத்தில் பட்டுவிடுமாம். அன்றைக்கே புதிதாக அச்சு எடுத்து, மறுபடி ஸ்கேன் பார்த்தார்கள்; கதிர் வைக்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

"இதுல அப்படி மொத்தமா முடி கொட்டாதும்மா. யாரு சொன்னாங்க உங்களுக்கு?" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மகன் வெடித்தான். "யாரைக் கேட்டும்மா மொட்டை போட்ட? ஒரு நாள் லீவு வாங்க நான் இன்னா பாடுபட்டேன் தெரியுமா?"

"கேக்கறதுக்கு வூட்ல யாருடா கீறாங்க?"

அவன் பைக்கைக் கிளப்பினான். நான் சொன்னது தப்பில்லை, சொன்ன குரல்தான் தப்பு. அவன் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன், இடது கையால்.

அடுத்த வாரம் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் கெஞ்சவில்லை. பஸ்ஸில் போனேன். துணைக்கு ஆள் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். மெஷின் ஓட்டுகிற தம்பி, "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்றதும், "பையன் வெளில கீறான்பா" என்று புளுகினேன்.

முகமூடி இந்தத் தடவை இறுக்கிப் பிடித்தது. எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். வலி ஒன்றும் இல்லை. மெஷின் தலையைச் சுற்றி முனகியது. அழலாம் என்றால் தலை அசையும். பாவி மகனே, வந்திருக்கக் கூடாதா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கிடந்தேன்.

முடிந்ததும் அந்தத் தம்பி முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே போய், "அம்மாவோட பையன் யாருங்க?" என்று கூப்பிடுவது கேட்டது. திரும்பி வந்தார்.

"யாரும் இல்லையேம்மா."

"டீ குடிக்கப் போயிருப்பான்."

"சரி, அவரு வர்ற வரைக்கும் பெஞ்சுல உக்காருங்க. தனியா அனுப்ப முடியாது."

உட்கார்ந்தேன். வலது கை மடியில் சும்மா கிடந்தது. பிறகு வந்த வாரங்களில் அதற்கு மெல்ல மெல்லத் தெம்பு திரும்பியது, இதைக்கூட அந்தக் கையால்தான் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குக் கை ஞாபகமே இல்லை. பொய் சொன்னவள் நான். அவன் வர மாட்டான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் அந்தக் கண்ணாடிக் கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் மொட்டைத் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.